ஒரே கனெக்‌ஷன், மூணு தளம், நாலு கம்ப்யூட்டர்: இன்னொரு கனெக்‌ஷன் வேணாம் தம்பி

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியும். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில ஒடுக்கமான மூணு தளம் வீடு. கீழ அப்பாவோட ஜெராக்ஸ் கடை, அதுல ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முதல் மாடியில அக்கா லேப்டாப்ல வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை. மொட்டை மாடி ஷீட் ரூம்ல தம்பியோட கேமிங் கம்ப்யூட்டர். 100 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 100 மெகாபிட்) ஃபைபர் கனெக்‌ஷன் ஒண்ணு, அதோட பாக்ஸ் (ரவுட்டரும் வைஃபையும் சேந்த பெட்டி) கடையில இருக்கு. மேல ஏற ஏற வைஃபை படுத்துடுது, சிக்னலை வாங்கித் திருப்பி விடற ரிப்பீட்டர் வாங்கி மாட்டியும் பிரயோஜனம் இல்ல. லைன் போட்டவர் "200 பிளானுக்கு மாறுங்க, இல்லன்னா மேல தனியா ஒரு கனெக்‌ஷன் எடுத்துக்கோங்க"ங்கறாரு. கூடவே பக்கத்து போர்ஷன்காரர் பாதி பில்லு தரேன், ஒரு வயர் இழுத்துக்கவான்னு கேக்கறாராம்.

200-ம் வேணாம், ரெண்டாவது கனெக்‌ஷனும் வேணாம். தெருவுல இருந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் நெட்டு நல்லாத்தான் வந்துக்கினு இருக்கு, வாசல்ல இருந்து மாடி ஏறத்தான் அதுக்கு வழி இல்ல. மெட்ரோ வாட்டர் சம்ப்புல தளும்பத் தளும்ப தண்ணி நிக்குது, மேல் டேங்குக்கு பைப்பே போடலன்னா இன்னொரு சம்ப்பு வெட்டி என்ன ஆவப் போவுது.

கணக்கு போட்டுப் பாருங்க. அக்காவோட வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். டிவியில ஃபுல் ஹெச்டி படம்னா ஒரு 5, 4கே-ன்னா 15-ல இருந்து 25. கேம் விளையாடும்போது பாத்தீங்கன்னா பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் கூட இழுக்காது, கேமை டவுன்லோட் பண்ணும்போதுதான் கொள்ளை கொள்ளையா தின்னும். கடையில மெயில் தொறந்து பிரிண்ட் எடுக்கறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. எல்லாம் ஒரே நேரத்துல ஓடினாலும் 50-ஐ தாண்டறது கஷ்டம். அப்பறம் 100-னு பிளான் எடுத்துட்டு டவுன்லோட்ல 11, 12 தான் காட்டுதுன்னு சில பேர் சண்டைக்குப் போறாங்க, அது மெகாபிட், இது மெகாபைட், 8 பிட் சேர்ந்தா ஒரு பைட், 100-ஐ 8-ஆல வகுத்தா 12.5, யாரும் உங்கள ஏமாத்தல.

ஆனா நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க, முதல்ல அளந்து பாருங்க. அக்கா லேப்டாப்பை கீழ எடுத்துட்டு வந்து பாக்ஸ் பின்னாடி நேரா ஒரு லேன் வயர் சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க, 90-க்கு மேல வந்தா லைன்காரர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்காரு. வயரை உருவிட்டு அதே இடத்துல வைஃபையில ஒரு தடவை, அக்கா டேபிள்ல ஒரு தடவை, மொட்டை மாடியில ஒரு தடவை. இந்த நாலு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. கீழ வயர்லயே 30-தான் வருதுன்னா மட்டும் கம்ப்ளெயின்ட் போடுங்க, அப்ப நான் கீழ சொல்ற எதுவும் அதுக்கு மருந்து இல்ல.

ரிப்பீட்டர் ஏன் வேலை செய்யலன்னு கேட்டீங்க. சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுல திருப்பிக் குடுக்கும், அதனால ஸ்பீடு அங்கயே பாதி போயிடும். அதை விட பெரிய தப்பு என்னன்னா, எல்லாரும் அதை சிக்னல் செத்துப்போன இடத்துலதான் மாட்டுவாங்க. செத்த சிக்னலை அது பெருசாக்கிக் குடுக்கும், போன்ல கோடு ஃபுல்லா நிக்கும், பேஜ் மட்டும் சுத்திக்கினே இருக்கும். நம்ம ஏரியா பழைய வீட்டு செவுரு தடியை பாத்திருப்பீங்க, மெட்ராஸ் டெரஸ் வீட்டுல செவுரே வைஃபையை முழுங்கிடும், இடிச்சுக் கட்டின வீடுன்னா காங்கிரீட் தளத்துக்குள்ள கம்பி வலை இருக்கு, அது இன்னும் மோசம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனா ஒரு தளத்தைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். 2.4 தாண்டும், ஆனா அக்கம்பக்கத்துல இருக்கற இருபது வீட்டு வைஃபையும் அதே 2.4-லதான் கத்திக்கினு இருக்கு. போதாக்குறைக்கு உங்க பாக்ஸ் ரோலிங் ஷட்டர் பக்கத்துல, இரும்பு பீரோ மேல, பேப்பர் கட்டுக்குப் பின்னாடி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப அது எப்படி மேல ஏறும்.

அதனால வயர். ஆடாம ஒரே எடத்துல உக்காந்திருக்கற சாமானுக்கெல்லாம் வயர், நடமாடற சாமானுக்கு மட்டும் வைஃபை, இருபது வருஷமா இந்த வேலையில நான் வெச்சிருக்கற சட்டம் இது ஒண்ணுதான். கடை கம்ப்யூட்டர் ரெண்டு, பிரிண்டர், மாடி கம்ப்யூட்டர், டிவி, அக்கா டேபிள், இதெல்லாம் வயர்ல போயிட்டா வைஃபையில போன் மட்டும் மிச்சம் இருக்கும், அதுக்கும் காத்து வாங்க இடம் கிடைக்கும்.

வயர் போடறது எப்படின்னா, கடை சாமான் மூணும் பாக்ஸ் பின்னாடியே நேரா. அங்கிருந்து ஒரே ஒரு வயர் முதல் மாடிக்கு. அங்க படிக்கட்டு பக்கத்துல ஒரு 5 போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச், லைட் சுவிட்ச் இல்ல, ஒரு நெட் வயரை பல வயரா பிரிச்சுக் குடுக்கற சின்னப் பெட்டி. சுவிட்ச்ல இருந்து அக்கா டேபிளுக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு, மொட்டை மாடிக்கு ஒண்ணு. கீழ இருந்து வர்றதோட சேர்த்தா நாலு ஆச்சு, அஞ்சாவது போர்ட் வைஃபைக்கு, அதை அப்பால சொல்றேன். நாளைக்கு இன்னொண்ணு வரும்னு தோணினா 8 போர்ட் சுவிட்சா எடுத்துக்கோங்க, விலை பெருசா ஏறாது. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல 10/100-னு எழுதின (100 எம்பிபிஎஸ்-க்கு மேல போகாத) பழைய சுவிட்சை மலிவா தள்ளிவிடப் பாப்பாங்க, வாங்காதீங்க.

வயர் வாங்கும்போது உஷாரு. கேட் 6 வகை லேன் வயர், சுத்த செம்புன்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசின வயரும் அதே கலர் பெட்டியில, அதே பேர்ல, பாதி விலைக்கு வருது. கடையிலயே ஒரு துண்டு வெட்டி உள் கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. ரெண்டு தடவை மடிச்சா ஒடிஞ்சுடும், நம்ம ஊரு உப்புக்காத்துக்கு சீக்கிரமே செத்தும் போயிடும். ஒரு வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், உங்க வீட்டுக்கு எந்த ஓட்டமும் 20-ஐ தாண்டாது.

உப்புக்காத்துன்னதும் ஞாபகம் வருது. காசிமேட்டுல மீன்பிடி துறைமுகத்துக்கு பக்கமா ஒரு வீடு, தினமும் சாயங்காலம் நெட்டு போவுது, காலைல வருது, ரவுட்டரை ரெண்டு தடவை மாத்திட்டாங்க. நான் போய் மாடி வயரோட ஜாக்கை உருவி டார்ச் அடிச்சுப் பாத்தா எட்டு பின்னுல மூணு பின்னு பச்சையா களிம்பு ஏறிக் கிடக்கு. அந்த ஒரு முனையை வெட்டிட்டு புது ஜாக் போட்டேன், பத்து நிமிஷ வேலை. அந்த வயர் வெளிச்செவுரு வழியா வந்து நேரா உள்ள பூந்திருந்தது, மழைத் தண்ணி வயரைப் புடிச்சுக்கினே ஜாக் வரைக்கும் போயிருக்கு. வெளியில இருந்து உள்ள வர்ற இடத்துல வயரை கொஞ்சம் கீழ தொங்கவிட்டு ஒரு வளையம் மாதிரி விட்டு அப்பறம் மேல ஏத்தி ஓட்டையில விடுங்க, தண்ணி அந்த வளையத்துலயே சொட்டிடும். வெளிய போற வயர் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் வயரா இருக்கணும், உள் வயரை வெயில்ல போட்டா கொஞ்ச நாள்ல உறை அப்பளமா நொறுங்கும். முடிஞ்சா படிக்கட்டு ஓரமா வயர் போற பிளாஸ்டிக் பட்டி அடிச்சு உள்ளயே ஏத்திடுங்க, ஆனா கரண்ட் வயர் போற பைப்புக்குள்ள மட்டும் சேத்து சொருகாதீங்க, எலக்ட்ரீஷியன் பரவாயில்லன்னு சொல்லுவாரு, கேக்காதீங்க.

ஜாக் போடறது பெரிய வித்தை இல்ல. வெளி உறையை ஒரு இஞ்ச் உரிச்சா நாலு ஜோடி, எட்டு கம்பி. இடமிருந்து வலமா வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே வரிசை. பச்சை ஜோடி மட்டும் நீலத்தை நடுவுல விட்டு பிரிஞ்சு நிக்கும், புதுசா போடறவங்க சறுக்கறது அங்கதான். கம்பியை நேராக்கி ஒரே மட்டமா வெட்டி, ஜாக்குக்குள்ள தள்ளி, வெளிச்சத்துல முனையைப் பாருங்க, எட்டு செம்புப் புள்ளியும் கண்ணாடி மாதிரி தெரியணும், ஏழு தெரிஞ்சா கிரிம்ப் பண்ணாதீங்க (கிரிம்ப்னா ஜாக்கை டூலால அமுக்கி இறுக்கறது). 100 எம்பிபிஎஸ் ஓடறதுக்கு 1, 2, 3, 6-னு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். அதனால நீலமோ பிரவுனோ விட்டுப்போச்சுன்னா நெட்டு நின்னு போவாது, பல நேரம் சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும், நீங்களும் வருஷக் கணக்கா கவனிக்க மாட்டீங்க.

இப்ப மேல வைஃபை. உங்ககிட்ட பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்குன்னீங்க, அதுவே போதும், ஆனா இங்கதான் எல்லாரும் பேஜாரு பண்ணிக்கறது. காரணம் புரிஞ்சா தப்பு பண்ண மாட்டீங்க.

நம்ம பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடு தெரியும்ல, வாசல்ல ஒரே டோர் நம்பர், உள்ள ஏழெட்டு போர்ஷன். தபால் எல்லாம் அந்த ஒரே நம்பருக்குத்தான் வரும், வாசல் போர்ஷன்ல இருக்கற ஹவுஸ் ஓனரம்மாதான் எது யாருக்குன்னு பாத்து உள்ள குடுப்பாங்க. வெளி உலகத்துக்கு உங்க வீட்டுக்கு ஒரே ஐபி அட்ரஸ், உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.5, 192.168.1.6-ன்னு போர்ஷன் நம்பர். ஓனரம்மா வேலையை செய்யறதுதான் ரவுட்டர், அந்த வேலைக்கு நாட்-னு பேரு. புதுசா குடி வர்றவனுக்கு போர்ஷன் நம்பர் குடுக்கறதும் அந்தம்மாதான், அதுக்குப் பேரு டிஹெச்சிபி. பழைய வகை (ஐபிவி4) ஐபி நம்பர் மொத்தமே 429 கோடி சொச்சந்தான், உலகத்துல இருக்கற எல்லா பெட்டிக்கும் அது பத்தாது, அதான் வீட்டுக்கு வீடு இந்த ஏற்பாடு. இப்பல்லாம் கனெக்‌ஷன் குடுக்கறவங்களே ஒரு நம்பருக்குப் பின்னாடி பல வீட்டை வெச்சுடறாங்க, ஓனரம்மாவுக்கும் மேல ஒரு ஓனரம்மா.

ஒரு வீட்டுல ரெண்டு ஓனரம்மா இருந்தா? அதேதான் ஆவும். பழைய ரவுட்டர்லயும் டிஹெச்சிபி ஓடினா அதுவும் தன் இஷ்டத்துக்கு நம்பர் குடுக்கும், சில பேருக்கு நெட்டு வரும், சில பேருக்கு வராது, நாளைக்கு மாறி நடக்கும், தலையைப் பிச்சுக்குவீங்க. அதனால முதல்ல பழைய ரவுட்டரை தனியா லேப்டாப்ல மாட்டி, அதோட அட்ரஸை 192.168.1.2-னு மாத்துங்க (உங்க பாக்ஸ் 192.168.1.1-ஆ இருந்தா), டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ இருக்கற மாதிரியே வைங்க, 2.4 சேனல் கீழ 1-ன்னா மேல 6 இல்ல 11. அப்பறம் சுவிட்ச்ல இருந்து வர்ற வயரை அதோட லேன் (LAN) போர்ட்ல சொருகுங்க. வேன் (WAN)-னு எழுதின தனிக் கலர் போர்ட்ல சொருகாதீங்க, செட்டிங் எதையும் மாத்தாம அதுல சொருகினாலும் பல நேரம் நெட்டு வரும், அதான் பேஜாரே, வேலை செய்யற மாதிரி இருக்கும், ஆனா மேல இருக்கறவங்க தனி வீடாயிடுவாங்க, வைஃபையில இருக்கற அக்கா மேல இருந்து கடை பிரிண்டருக்கு பிரிண்ட் குடுத்தா பல நேரம் பிரிண்டரே இல்லன்னும்.

பிரிண்டர் பேச்சு வந்ததால இதையும் செஞ்சுடுங்க. பாக்ஸ் செட்டிங்ல பிரிண்டருக்குன்னு ஒரு நம்பரை ரிசர்வ் பண்ணி வைங்க. இல்லன்னா கரண்ட் போயிட்டு வந்தா சில நேரம் அதுக்கு வேற நம்பர் விழும், கம்ப்யூட்டர் பழைய நம்பர்லயே கதவைத் தட்டிக்கினு இருக்கும், கடையில கஸ்டமர் நிக்கும்போதுதான் ஆஃப்லைன்னு வரும்.

வயர் மாட்டி முடிச்சப்பறம் தொங்கற முனை எதுவும் விடாதீங்க. கொருக்குப்பேட்டையில ஒரு டியூஷன் வீடு, பெருக்க வந்தவங்க தரையில கிடந்த வயர் முனையை அழகா எடுத்து சுவிட்ச்ல சொருகிட்டாங்க, அதோட இன்னொரு முனையும் அதே சுவிட்ச்லதான் இருந்தது. அவ்வளவுதான், மொத்த வீடும் படுத்துருச்சு. சுவிட்ச் விளக்கு எல்லாம் ஒரே தாளத்துல வெறி புடிச்ச மாதிரி மின்னிச்சுன்னா அதுதான், உள்ளயே சுத்திச் சுத்தி வருதுன்னு அர்த்தம், ஒரு முனையை உருவினா சரியாயிடும்.

இவ்வளவும் செஞ்சப்பறமும் அக்கா மீட்டிங்ல குரல் விட்டு விட்டு வந்துச்சுன்னா, கடையில யாராவது பெரிய ஃபைலை மேல ஏத்தறாங்களான்னு பாருங்க. டவுன்லோட் மேலயே எல்லார் கண்ணும் இருக்கும், அப்லோட் பாதையை ஒரே கம்ப்யூட்டர் அடைச்சுட்டா மத்தவங்களோட சின்னச் சின்ன டேட்டா பாக்கெட் எல்லாம் ரவுட்டர் வாசல்ல கியூவுல நிக்கும், உங்க கேம்ல பிங் (பாக்கெட் போயிட்டு வர்ற நேரம், மில்லிசெகண்ட்ல) 10, 20-ல இருந்து 300-க்கு தாவறதும் இதனாலதான். பாக்ஸ்ல க்யூஓஎஸ் (எதுக்கு எவ்வளவு ஸ்பீடுன்னு பிரிச்சு விடற செட்டிங்) இருந்தா மொத்தத்துல ஒரு 85, 90 சதவீதத்துக்கு வரம்பு வைங்க. அது இல்லன்னா பேக்கப் சாஃப்ட்வேர்லயே அப்லோடைக் குறைங்க, இல்ல ராத்திரிக்கு தள்ளுங்க. 200 பிளான் எடுத்தா இது போவாதான்னா, கியூ கொஞ்சம் லேட்டா சேரும், அவ்வளவுதான்.

பழைய கதை ஒண்ணு, வேணும்னா தாண்டிப் போங்க. நான் தண்டையார்பேட்டையில பிரவுசிங் சென்டர்ல வேலைக்கு சேந்தப்ப ஒரே 56 கே மோடம், அதுல நாலு கம்ப்யூட்டர். விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்ல, அது 1999-ல வந்தது, கனெக்‌ஷன் ஷேரிங் உள்ளயே குடுத்திருந்தாங்க, அதுக்கு முன்னாடி வின்கேட் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட்டாத்தான் பிரிக்க முடியும். மோடம் மாட்டின கம்ப்யூட்டர் தூங்கினா மத்த மூணும் அம்போ, அதுல உக்காந்தவர் தெரியாம ஷட் டவுன் பண்ணிட்டா மூணு பேர் கவுன்டருக்கு சண்டைக்கு வருவாங்க. இன்னிக்கும் அந்த ஷேரிங் விண்டோஸ்ல இருக்கு, லைன் போன அன்னிக்கு போனை யூஎஸ்பியில மாட்டி, அந்த கம்ப்யூட்டர்ல இருந்து மத்ததுக்குக் குடுக்கலாம். ஒரு நாள் கூத்துக்கு ஓகே, தினமும் வேணாம்.

கடை இருக்கறதால பாஸ்வேர்டு விஷயத்துல கொஞ்சம் கறாரா இருங்க. ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்க "அண்ணா வைஃபை பாஸ்வேர்டு"ன்னு கேப்பாங்க, அப்பாவும் குடுத்துடுவாரு. அவங்களுக்கு கெஸ்ட் வைஃபைன்னு தனியா ஆன் பண்ணுங்க, அதுல இருக்கறவங்களுக்கு நெட்டு மட்டும் தெரியும், பில் போடற கம்ப்யூட்டர் தெரியாது. ஜனங்க ஆதார் காப்பி, பான் காப்பியெல்லாம் உங்க டெஸ்க்டாப்ல கிடக்குதுங்கறதை மறக்காதீங்க. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனை அமுக்கி சேத்துக்கற வசதி) ஆஃப், பாக்ஸோட அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க, அந்த ஸ்டிக்கர்ல இருக்கறதை விடாதீங்க.

கரண்ட் போனா ஓடணும்னா 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்குது, ஆனா பாக்ஸுக்கு மட்டும் போட்டுட்டு சுவிட்சை மறந்துட்டா மேல இருட்டுதான். சுவிட்ச் 5 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு அடாப்டர்ல படிச்சுட்டு மாட்டுங்க, பின் பொருந்துதுன்னு 12-ஐ சொருகிட்டா புகைஞ்சுடும்.

பக்கத்து போர்ஷன்காரர் விஷயம். டெக்னிக்கலா ஒரு வயர் இழுத்தா முடிஞ்சது, ஆனா நான் குடுக்க மாட்டேன். காசு வாங்கிக்கினு வெளி ஆளுக்கு பிரிச்சுக் குடுக்கறதை சாதாரண வீட்டு பிளான்ல ஒத்துக்க மாட்டாங்க. அதோட அந்த வீட்டுல யாராவது எதாவது ஏடாகூடமா பண்ணி போலீஸ் ஐபி நம்பரைப் புடிச்சு வந்தாங்கன்னா, பில்லு யார் பேர்ல இருக்கோ அவங்க வாசல்லதான் நிப்பாங்க, உங்க அப்பா பேர்ல. முகம் முறிக்க கஷ்டமா இருந்தா அவங்க பொண்ணு பரீட்சை சமயத்துல கெஸ்ட் பாஸ்வேர்டை சும்மா குடுங்க, பில்லுல பாதி மட்டும் வாங்காதீங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கயிறை பாக்ஸ்ல இருந்து படிக்கட்டு வழியா மேல வரைக்கும், வளைவுல எல்லாம் சேத்து, போட்டு அளந்துக்கோங்க. அளந்ததுக்கு மேல அஞ்சு மீட்டர் சேத்து வாங்குங்க, ஜாக் ஒரு பத்து எடுங்க, முதல் நாலு வீணாவும். வயர் போட்டப்பறம் அந்த பேப்பர்ல எழுதின நாலு நம்பரையும் திரும்ப அளந்து இங்க போடுங்க, மொட்டை மாடியில வயர்ல 90-க்கு கீழ வந்தா எந்த ஜாக்னு பாப்போம்.